இடது பெடல் மரை பிய்ந்த சைக்கிள்: உத்தரவாதம் மறுத்ததை ஏற்க முடியாது

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
சைக்கிள் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: தவறாகப் பூட்டப்பட்ட பெடலும், செய்யாமலே முத்திரை குத்தப்பட்ட இலவச சர்வீஸும்.

ஐயா / அம்மையீர்,

மதுரையிலுள்ள உங்கள் டீலரிடம் வாங்கிய கியர் சைக்கிளின் இடது பெடல், ஏ.வி. பாலத்தின் நடுவே போக்குவரத்துக்குள் கழன்று விழுந்தது. ஓட்டிவந்த என் மகளுக்கு முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதில், இது தேய்மானம், பராமரிப்புக் குறைவு, உத்தரவாதத்தில் வராது என்கிறது. அந்த முடிவு தவறு. காரணம், பெடல் பூட்டியிருக்கும் தண்டான கிராங்க்கிலேயே தெரிகிறது.

பெடல் துளையின் அளவு 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. வலது பெடலுக்கு வழக்கமான மரை, இடதுக்கு எதிர்மரை, அதாவது இடப்பக்கம் திருப்பினால் இறுகும் மரை. மிதிக்கும்போது பளு, பெடலின் அச்சான ஆக்சிலைத் துளைக்குள் உருட்டிக்கொண்டே இருப்பதால், இடதிலும் வழக்கமான மரை வைத்தால் பெடல் தானாகவே கழன்றுவிடும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. பூட்டும்போது கிரீஸ் தடவி, முதல் மூன்று நான்கு சுற்றை விரலாலேயே ஏற்ற வேண்டும். விரலுக்கு ஏறவில்லையென்றால் கோணல் என்று அர்த்தம்; கழற்றி மறுபடி வைக்க வேண்டும். ஸ்பேனர் அதற்குப் பிறகுதான்.

எங்கள் கிராங்க்கில் வாய்ப்பக்க மரைகளின் குறுக்கே சாய்வாக இன்னொரு தடம் விழுந்திருக்கிறது. ஆக்சிலின் பள்ளங்களில் அலுமினியத் துருவல் அடைந்து நிற்கிறது. கிரீஸ் ஒரு துளியும் இல்லை. உள்பக்க மரைகளோ புதிதுபோல் இருக்கின்றன. ஓட்டி ஓட்டித் தேய்ந்த மரையில் குறுக்குத் தடம் எப்படி விழும்? எஃகு ஆக்சிலைக் கோணலாக வைத்து, மெத்தான அலுமினியத்தில் ஸ்பேனரால் திணித்திருக்கிறார்கள். பிடிமானம் இரண்டு மூன்று மரையில் மட்டும் நின்றது. ஏறி மிதித்ததும் அதுவும் பிய்ந்துவிட்டது.

பராமரிப்பைப் பற்றிச் சொன்னீர்கள். இலவச சர்வீஸ் அட்டையில் ‘பெடல், கிராங்க் சரி’ என்று உங்கள் டீலரின் முத்திரை இருக்கிறது. ஆனால் வலது கிராங்க் போல்ட்டில் 8 மி.மீ. ஆலன் கீயைப் போட்டால் அரைச் சுற்றுக்கு மேல் இறுகுகிறது. 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு) வரை இறுக்கிய போல்ட் இப்படித் திரும்பாது. தளர்ந்த கிராங்க்கோடு ஓட்டினால் அதன் சதுரத் துளை விரிந்துவிடும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. இதைப் பார்க்கக் கருவிகூட வேண்டாம்: இரண்டு கிராங்க்கையும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தாலே ஆட்டம் தெரியும். பெடலும் அப்படியே. ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் முத்திரை குத்தியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தமளிப்பது இதுதான். அந்த முத்திரையை நம்பித்தான் பெற்றோர் பிள்ளைகளைச் சாலைக்கு அனுப்புகிறோம்.

வண்டியோடு தந்த கையேட்டில் ‘பெடலைச் சோதிக்கவும்’ என்று ஒரு வரி, அதுவும் ஆங்கிலத்தில். எதிர்மரை பற்றி ஒரு சொல் இல்லை. தெரியாதவர் இடது பெடலை இறுக்குவதாக நினைத்துக் கழற்றிவிடுவார். ஸ்பேனரை மேல்நோக்கி மாட்டி முன்சக்கரப் பக்கம் தள்ளினால் இரு பெடலும் இறுகும் என்று எழுத எவ்வளவு இடம் வேண்டும்?

டீலர் வெல்டிங் வைத்துத் தருவதாகச் சொன்னார். மறுத்துவிட்டேன். வெல்டிங் சூட்டில் அலுமினியக் கிராங்க்கின் பதம் போய்விடும்; அடுத்தது கிராங்க்கே ஒடியும்.

எனக்கு வேண்டியவை: இடது கிராங்க்கும் பெடல் ஜோடியும் புதிதாக. பழைய பெடலையே மாட்டக்கூடாது, அதன் முதல் மரை மழுங்கியிருப்பதால் புதுத் துளையையும் கெடுக்கும். கிராங்க், பெடல், ஹேண்டில் ஸ்டெம், சக்கர நட்டு, பிரேக் ஒயர் அனைத்தையும் என் முன்னிலையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் சோதித்து எழுதித் தர வேண்டும். அதே டீலர் பூட்டிக் கொடுத்த மற்ற வண்டிகளையும் அழைத்துப் பார்க்க வேண்டும். தமிழில் ஒரு பக்கச் சோதனைத் தாளும் வண்டியோடு தர வேண்டும்.

கிராங்க், பெடலின் படங்களையும் பில், சர்வீஸ் அட்டை நகல்களையும் இணைத்துள்ளேன். கழற்றிய பாகங்கள் என்னிடமே இருக்கும். உங்கள் பொறியாளர் நேரில் வந்து பார்க்கலாம். 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் நிறுவனத்தையும் டீலரையும் சேர்த்தே மனு தாக்கல் செய்வேன்.

இப்படிக்கு,
சைக்கிள் உரிமையாளர்,
செல்லூர், மதுரை.