கரப்பான் ஒட்டாது: பனிக்காலத்துக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

பக்கத்துப் பிள்ளைக்குக் கையில் சொறி இருக்கிறது, என் பிள்ளையை வேறு பெஞ்சுக்கு மாற்றுங்கள் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். மாற்றப் போவதில்லை. டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்: அது கரப்பான், டாக்டர்கள் எக்ஸிமா என்பார்கள். தொட்டாலும் ஒட்டாது, சேர்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது. ஒட்டுவது சிரங்கு. அது விரலிடுக்கில் அரிக்கும், ராத்திரியில் கூடும், வீட்டில் மற்றவர்களுக்கும் வரும். அப்படி இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து போட்டால்தான் போகும்.

கரப்பான் உள்ள பிள்ளையின் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்காது. பெரும்பாலும் குடும்ப வாகு. வீட்டில் யாருக்காவது வீசிங்கோ ஓயாத தும்மலோ இருக்கும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் காலையில் உறைபனி, மதியம் சுள்ளென்று வெயில், காற்றில் ஈரமே இல்லை. முழங்கை மடிப்பும் முழங்காலின் பின்புறமும் வெடித்து எரிவது அப்போதுதான்.

நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு வெந்நீர். குளிருக்கு இதமாக இருக்கிறது என்று ஆவி பறக்கும் தண்ணீரை ஊற்றி, பீர்க்கங்காய் நாரால் தேய்த்து விடுகிறோம். தோலில் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசையும் அதோடு போய்விடுகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் 5 முதல் 10 நிமிடம் போதும். வாசனை இல்லாத சோப்பை அழுக்குப் படும் இடங்களுக்கு மட்டும் போடுங்கள். பிறகு துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் வாசலைன் தடவுங்கள். விலை உயர்ந்த கிரீம்தான் வேண்டும் என்றில்லை. ஆனால் அரிப்பு வந்தால் மட்டும் என்றில்லாமல், தோல் நன்றாக இருக்கும் நாளிலும் இரண்டு வேளை தடவ வேண்டும். பலரும் கோட்டை விடுவது இதில்தான்.

அடுத்தது ஸ்வெட்டர். கம்பளி நேராகத் தோலில் பட்டால் குத்தும். உள்ளே முழுக்கை பருத்திச் சட்டை போட்டு அனுப்புங்கள். அது யூனிஃபார்ம் நிறத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வேர்வையும் அரிப்பைக் கூட்டும் என்பதால், மதியம் இந்தப் பிள்ளைகள் ஸ்வெட்டரைக் கழற்றி வைக்கலாம் என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். மழை நாளில் துணியை விறகடுப்பு மேல் காயப் போடுவது தெரிந்ததுதான், புகை படிந்தாலும் வேறு வழி இல்லை. சோப்புத்தூள் போகும்வரை கூடுதலாக ஒரு முறை அலசிவிடுங்கள். வாசனைத் திரவத்தில் முக்க வேண்டாம். தோட்டத்தில் மருந்து அடித்துவிட்டு வருபவர்கள் உடை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள்.

நீலகிரித் தைலம் நம் ஊர்ச் சரக்கு, எனக்கும் தலைவலிக்கு அதுதான். ஆனால் வெடித்த தோலில் வைத்தால் எரிந்து இன்னும் புண்ணாகும். எலுமிச்சைச் சாறும் அப்படியே.

சாப்பாட்டு விஷயம் கொஞ்சம் சங்கடமானது. கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காயை நிறுத்துவதால் பெரிய நஷ்டமில்லை. வளரும் பிள்ளைக்குப் பால், முட்டை, மீன் எல்லாவற்றையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் நஷ்டம் நிச்சயம். ஏதாவது ஒன்றைச் சாப்பிட்டதும் தடிப்பு வருகிறது என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

மெடிக்கலில் "அரிப்புக்கு ஒரு ட்யூப்" என்று கேட்டு வாங்காதீர்கள். பல ட்யூப்களில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முகத்தில் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்துவிடும். இவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இலேயே விதி வந்துவிட்டது, இருந்தும் கிடைக்கிறது. அதே ஸ்டீராய்டை டாக்டர் எழுதிக் கொடுத்தால் பயந்து பாதியில் விடவும் கூடாது. அவர் சொன்ன அளவு, சொன்ன நாள்வரை போடுங்கள்.

திடீரென்று கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம் கிளம்பினாலோ, சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். சனிக்கிழமைவரை காத்திருக்க வேண்டாம்.

சாக்பீஸ் தூள் படும் என்பதால், பள்ளியில் கரப்பான் உள்ள பிள்ளைகளுக்குக் கரும்பலகை துடைக்கும் வேலை கிடையாது. பெயர் எழுதிய சின்ன டப்பாவில் வாசலைன் கொடுத்தனுப்பினால், கை கழுவியதும் தடவிக்கொள்ள நேரம் தருவோம். கேலி செய்யும் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

டாக்டர் சீட்டின் நகல் ஒன்றை வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டால் போதும். இதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு என்னைப் பார்க்க வர வேண்டியதில்லை.

அன்புடன்,
தலைமையாசிரியை