‘ஃபேமிலி ரெஸ்டாரன்ட்’ என்று பலகை வைத்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பில், சென்னையில் குடும்பத்தோடு சாப்பிடப் போகக்கூடிய உணவகங்கள் என்று அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. சாம்பார் எப்படி, ஃபில்டர் காபி எப்படி, கார் நிறுத்த இடம் உண்டா, இரண்டு பேர் சாப்பிட எவ்வளவு ஆகும் என்று எல்லாம் இருந்தது. நான் தேடியது மட்டும் இல்லை. எனக்கு ஆறு வயதில் ஒரு பையன், ஒன்றரை வயதில் ஒரு பெண். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். மாதத்துக்கு இரண்டு முறையாவது வெளியே சாப்பிடுகிறோம். ஒரு ஹோட்டலுக்குள் நுழைந்ததும் என் கண் போகிற இடமே வேறு: ஏ.சி. ஹால் கீழேயா மாடியிலா, பேபி சேர் இருக்கிறதா, அதில் பெல்ட் இருக்கிறதா, கை கழுவும் இடம் எவ்வளவு உயரம், காரமில்லாமல் உடனே தரக்கூடியது என்ன. இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் நானே எழுதுகிறேன்.

நம் ஊரில் ஃபேமிலி ரெஸ்டாரன்ட் என்றால் ஏ.சி. இருக்கும், மது இருக்காது, பெண்கள் தயங்காமல் உட்காரலாம் என்று அர்த்தம். அந்தக் காலத்து ஹோட்டல்களில் திரை போட்ட ‘ஃபேமிலி ரூம்’ இருக்கும், அதிலிருந்து வந்த வழக்கம் இது. அன்றைக்கு அது தேவைதான். ஆனால் அந்தக் குடும்பத்தில் குழந்தைகளும் உண்டு என்று நினைத்து மேசையும் சமையலும் அமைத்த இடங்கள் இன்றும் குறைவு.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். குழந்தைக்கு வேண்டியதை முதலில் கொண்டு வந்து வையுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்குப் போனால் வாசலில் பெயர் எழுதிக்கொடுத்துவிட்டு அரை மணி நேரம் நிற்க வேண்டும், உள்ளே போய் உட்கார்ந்தபின் ஆர்டர் எடுக்கப் பத்து நிமிடம், வருவதற்கு இன்னும் இருபது நிமிடம், அதற்குள் குழந்தை பசியில் அழுது, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்து, கடைசியில் நாங்கள் கையில் செல்போனைக் கொடுத்துவிடுகிறோம். செல்போன் பார்த்துக்கொண்டு சாப்பிடும் பிள்ளைகள் என்று பெற்றோரைக் குறை சொல்கிறார்கள். ஒரு மணி நேரம் பசியோடு உட்கார வைத்தால் வேறு என்ன செய்வது?

மயிலாப்பூரில் நாங்கள் வழக்கமாகப் போகும் ஒரு சின்ன ஹோட்டலில் வயதான சர்வர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் உட்கார்ந்தவுடன், மெனு கார்டு தருவதற்கு முன்பே, ஒரு தட்டில் ஓர் இட்லியும் கொஞ்சம் சர்க்கரையும் நெய்யும் கொண்டு வந்து சின்னவள் முன்னால் வைத்துவிடுவார். “பாப்பா சாப்பிட்டுக்கிட்டே இருக்கட்டும்மா, நீங்க நிதானமா பாத்துச் சொல்லுங்க” என்பார். அவ்வளவுதான். அந்த மேசையில் செல்போனுக்கு வேலையே இல்லை. இட்லி எப்போதும் தயாராக இருப்பது, அதைக் கொண்டு வர இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த ஹோட்டலில் ஏ.சி. கிடையாது, பேபி சேரும் கிடையாது, ஆனாலும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த இடம் அதுதான்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. புதிதாகத் திறக்கும் இடங்களில் ‘கிட்ஸ் மெனு’ என்று தனியாக ஒரு பக்கம் போடுகிறார்கள். அதில் ஃபிரெஞ்ச் ஃபிரை, நக்கெட்ஸ், நூடுல்ஸ், பாஸ்தா. நம் சமையலிலேயே குழந்தைக்கு ஏற்றது அத்தனை இருக்கும்போது ஏன் இப்படி? ஒரு கிண்ணத்தில் பதினான்கு மினி இட்லி, அதன்மேல் நெய், சாம்பார் மட்டும் தனியாக. இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். பருப்புப் பொடி நெய் சாதம். தாளிப்பு போடாத தயிர் சாதம். அசைவ ஹோட்டல் என்றால் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு மேலே சர்க்கரை, இல்லையென்றால் மிளகுத்தூள் போடாமல் நன்றாக வெந்த ஆம்லெட், ஆஃப்பாயில் வேண்டாம். கூம்பு மாதிரி சுருட்டி நிற்க வைக்கும் தோசை வந்தால் என் பையன் அதைத் தலையில் வைத்துப் பார்க்காமல் சாப்பிட மாட்டான். வாழை இலையில் பரிமாறும் இடங்கள் எனக்கு இன்னொரு காரணத்துக்காகப் பிடிக்கும், தள்ளிவிட்டு உடைக்கத் தட்டு இல்லை. திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் 1948-லிருந்து இட்லி மூழ்கும் அளவுக்குச் சாம்பார் ஊற்றுகிறார்கள், அப்படி ஊறிப்போன இட்லியைப் பல் முளைக்கும் குழந்தைகூட ஈறாலேயே மென்றுவிடும்.

வெண்பொங்கல் பற்றி ஒரு எச்சரிக்கை. குழைவாக இருக்கிறதே, குழந்தைக்கு நல்லது என்று வாங்கிவிடுவோம். முழு மிளகு ஒன்று கடிபட்டுவிட்டால் அதற்குப்பிறகு ஒரு வாய் உள்ளே போகாது. நான் ஸ்பூனால் கிளறி ஒவ்வொரு மிளகாகப் பொறுக்கி இலை ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் ஊட்டுகிறேன், முந்திரியையும் சேர்த்து. பில்லோடு வரும் சோம்பு, கல்கண்டு தட்டையும் குழந்தை கைக்கு எட்டுகிற மாதிரி வைக்காதீர்கள், சின்னக் குழந்தைகளுக்குத் தொண்டையில் சிக்கக்கூடிய பொருள் அது.

இன்னொன்று என் மனதை ரொம்ப வருத்தியது. மதியச் சாப்பாடு போடும் பல இடங்களில் ‘சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிட அனுமதி இல்லை’ என்று எழுதி வைத்திருப்பார்கள். அளவில்லாச் சாப்பாட்டை நான்கு பேர் சேர்ந்து சாப்பிட்டால் கடைக்காரருக்கு நஷ்டம், அது நியாயம்தான். ஆனால் போன மாதம் ஒரு ஹோட்டலில் என் இலையிலிருந்து இரண்டு கவளம் பருப்பு சாதம் பிசைந்து ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஊட்டினேன், மேற்பார்வை செய்கிறவர் வந்து நின்று, குழந்தைக்கும் ஒரு டோக்கன் வாங்கிவிடுங்கள் என்றார். சுற்றிலும் நாலு மேசைக்காரர்கள் பார்க்கிறார்கள். என் கணவர் ஒன்றும் பேசாமல் போய் முழு விலைக்கு டோக்கன் வாங்கி வந்தார். அந்த இலை அப்படியே இருந்தது, நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஐந்து வயது வரை குழந்தைக்குத் தனி இலை வேண்டாம் என்று அந்தப் பலகையிலேயே ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? இல்லை, அரை விலையில் குழந்தைச் சாப்பாடு என்று ஒன்று போடுங்கள், சந்தோஷமாக வாங்குவோம்.

இனி இடத்தைப் பற்றி. பாதி ஹோட்டல்களில் ஏ.சி. ஹால் மாடியில்தான் இருக்கிறது, அதுவும் செங்குத்தான குறுகலான படியில். மூட்டு வலிக்கார மாமியார் ஒரு கையில், குழந்தை ஒரு கையில் என்று ஏற முடியாமல் கீழேயே வியர்வையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறோம். பேபி சேர் வைத்திருக்கும் இடங்களில் பெல்ட் அறுந்திருக்கும், குழந்தை எழுந்து நின்றுவிடும். வாஷ்பேசினுக்குக் கீழே ஒரு மரப்பலகை போட்டால் என் பையன் தானே கை கழுவிக்கொள்வான், இப்போது இடுப்பைப் பிடித்துத் தூக்க வேண்டியிருக்கிறது, தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் போகிறது. டயப்பர் மாற்ற இடம் என்று கேட்டால் ஈரத் தரையுள்ள கழிப்பறையைக் காட்டுகிறார்கள். பால் கொடுக்க இடமா, கேட்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2015-லேயே பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறை கொண்டு வந்தார்கள். லட்சக்கணக்கில் செலவழித்து விளக்கும் சுவர் ஓவியமும் வைக்கும் ஹோட்டலில் ஒரு திரையும் ஒரு நாற்காலியும் போடமுடியாதா?

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் சூடான பொருட்கள்தான். சென்ற ஆண்டு ஒரு ஹோட்டலில் காபி கொண்டு வந்த பையன், சுற்றி வர வழியில்லாததால் என் மகனின் தலைக்கு மேலே நீட்டித் தந்தான். டபரா சரிந்து மகனின் முன்கையில் கொட்டியது. கல்லாவில் இருந்தவர் பதறிப்போய் பற்பசையை எடுத்து வந்தார். பக்கத்து மேசையில் இருந்த ஒரு அம்மாதான் அதைத் தடுத்து, அவனைக் குழாயடிக்கு இழுத்துப்போய் 20 நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் செய்ததுதான் சரி என்று டாக்டர் சொன்னார். பற்பசை, ஐஸ் எதுவும் வைக்கக் கூடாது. தழும்பு இல்லாமல் ஆறிவிட்டது. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை, ஊரை விட்டு வந்து பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிற பிள்ளை, அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. குழந்தையைச் சுவர் ஓரம் உட்கார வையுங்கள், குழந்தையின் தலைக்கு மேலே எதையும் நீட்டாதீர்கள் என்று சொல்லித்தர வேண்டியது முதலாளிதானே. பாஷையும் ஒரு சிக்கல். தமிழ் தெரியாத சர்வர்களிடம் காரம் வேண்டாம் என்பதை இந்தியில் ‘மிர்ச்சி நஹி’ என்று சொல்ல நானே கற்றுக்கொண்டேன்.

பெற்றோரான நமக்கும் இதில் பங்கு உண்டு. சாம்பார் வாளியோடு ஆட்கள் போகும் நடைபாதையில் பிள்ளைகளை ஓடவிடக் கூடாது, கீழே இறைந்த சாதத்தை நாமே ஒரு டிஷ்யூவில் வாரிப்போட்டுவிட்டு எழ வேண்டும்.

பிள்ளைகள் ஓடலாம், அங்கேயே சாப்பிடலாம் என்று இந்த ஊரில் ஒரு இடம் இருந்தது, நினைவிருக்கிறதா? கதீட்ரல் சாலையில், காரிலேயே உட்கார்ந்து சாப்பிடக்கூடிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டல். 1962-லிருந்து 2008 வரை. எங்களிடம் கார் இல்லை, அப்பாவின் ஸ்கூட்டர்தான். மரத்தடியில் நிறுத்திவிட்டு அப்பா ஆர்டர் சொல்வார், நானும் தம்பியும் உதிர்ந்த காய்களைப் பொறுக்கிக்கொண்டு சுற்றுவோம், பட்டூரா பந்து மாதிரி உப்பி வந்ததும் கூப்பிடுவார். யாரும் எங்களை அதட்டியதில்லை. இப்போது அந்த இடம் செம்மொழிப் பூங்கா. பூங்காவாகவே இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் நகரத்தில் இத்தனை பூங்காக்கள் இருக்கும்போது மாநகராட்சி ஒன்றிரண்டிலாவது விளையாட்டுத் திடலை ஒட்டி ஒரு சுத்தமான சிற்றுண்டிச் சாலைக்கு இடம் தரலாமே.

அரசு நினைத்தால் முடியும் என்பதை இரண்டு ஆண்டுகளில் பார்த்தோம். உணவில் சேர்க்கக் கூடாத ரோடமைன்-பி என்ற சாயம் கலந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது. கர்நாடகாவில் ஒரு சிறுவன், திரவ நைட்ரஜன் ஊற்றிப் புகை வரவைக்கும் ஸ்மோக் பிஸ்கட்டைத் தின்று துடித்த வீடியோ வந்ததும் திரவ நைட்ரஜன் விஷயத்தில் எச்சரிக்கை விடுத்தார்கள். 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை போட்டார்கள். பத்துக் கிளைகளுக்குக் குறையாத பெரிய உணவகங்கள் மெனுவில் கலோரியும் ஒவ்வாமை விவரமும் தரவேண்டும் என்று விதியே இருக்கிறது. ஆனால் வெள்ளைச் சட்னியில் வேர்க்கடலை சேர்த்திருக்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள், பத்தில் எட்டுப் பேர் உள்ளே போய்க் கேட்டு வருகிறேன் என்பார்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தையின் அம்மாவுக்கு அந்தப் பதில் போதாது. உணவுப் பாதுகாப்புத் துறை சோதனைக்கு வரும்போது சமையலறையோடு நிற்காமல் பேபி சேரையும் ஒருமுறை ஆட்டிப் பார்க்கட்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உணவகங்களைப் பற்றி எழுதும்போது, ஏ.சி. ஹால் எந்த மாடியில், பேபி சேர் எத்தனை, குழந்தைக்கு அரை பிளேட் உண்டா, உட்கார்ந்ததிலிருந்து முதல் இட்லி எத்தனை நிமிடத்தில் வந்தது என்று நான்கு வரி சேருங்கள். முடிந்தால் உங்கள் நிருபரை இரண்டு வயதுக் குழந்தையோடு, ஞாயிறு இரவு எட்டு மணிக்கு அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அயனாவரம், சென்னை.