நான்கு முறை தோற்ற ஊரிலிருந்து

அன்புள்ள செழியனுக்கு,

அம்மா எழுதுவது. "முதல் சூப்பர் பௌலிலேயே எங்க ஊர் ஆடியிருக்கும்மா" என்று, அமெரிக்க ஃபுட்பால் சாம்பியனைத் தீர்மானிக்கும் அந்த வருடாந்திர இறுதி ஆட்டத்தைப் பற்றிப் போனில் அளந்தாயே, அதற்குப் போனிலேயே பதில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கன்சாஸ் சிட்டித் தண்ணீர் உனக்கு நன்றாகவே ஒத்துப்போய்விட்டது.

உங்கள் ஊர் ஆடியது, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பஃபலோவை மிதித்துத்தான் அங்கே போனது. பழைய ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.லுக்குப் போட்டியாக 1960-இல் ஏ.எஃப்.எல். என்ற லீக் ஆரம்பித்தது. 1964, 1965 இரண்டு வருஷமும் அதில் சாம்பியன் நம்ம ஊர் அணி பஃபலோ பில்ஸ். அப்போது இரண்டு லீக் சாம்பியன்களும் மோதுகிற வழக்கமே கிடையாது. ஆட்டக்காரர்களை இழுக்கப் போட்டி போட்டுச் சம்பளத்தை ஏற்றி, இரண்டு தரப்பும் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, 1966-இல் இணையச் சம்மதித்தார்கள். இறுதி ஆட்டம் பிறந்தது அந்த ஒப்பந்தத்தில். 1967 புத்தாண்டு அன்று, இதே பஃபலோவில், உங்கள் ஊர் அணி சீஃப்ஸ் எங்களை 31-7 என்று அடித்துவிட்டு அதில் ஆடும் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பிடித்து என்ன செய்தது? ஜனவரி 15, லாஸ் ஏஞ்சலிஸ் கொலீசியம். கிரீன் பே பேக்கர்ஸ் 35, கன்சாஸ் சிட்டி 10. அதிகபட்ச டிக்கெட்டே 12 டாலர்தான், அதற்கும் ஆள் இல்லாமல் அரங்கத்தில் மூன்றில் ஒரு பங்கு காற்று வாங்கியது. பேக்கர்ஸில் மேக்ஸ் மெக்கீ என்று ஒருவர். நம்மை எங்கே இறக்கப் போகிறார்கள் என்று முந்தைய ராத்திரி முழுக்க ஊர் சுற்றிவிட்டு வந்திருந்தார். முன்னால் ஆடியவருக்கு அடிபட, இவர் அடுத்தவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடி, சூப்பர் பௌலின் முதல் டச்டவுனையே (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) போட்டார். இரண்டு டிவி சேனல்கள் காட்டிய ஆட்டம் அது. இரண்டுமே நாடாவை அழித்துவிட்டன! அப்போது அதற்கு இருந்த மரியாதை அவ்வளவுதான். இப்போது 30 விநாடி விளம்பரத்துக்கு 80 லட்சம் டாலர் கொடுக்கிறார்கள்.

சூப்பர் பௌல் என்ற பெயரே உங்கள் சீஃப்ஸ் முதலாளி லாமார் ஹன்ட் சொன்னதுதான். பிள்ளைகள் விளையாடிய சூப்பர் பால் என்ற பந்தைப் பார்த்துத் தோன்றியதாம். இந்த ஒரு பெருமையை உனக்கே விட்டுத்தருகிறேன்.

அடுத்த இருபது வருஷத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1969-இல் ஜோ நேமத், தோற்பது நிச்சயம் என்று எல்லாரும் எழுதிவைத்த தன் ஏ.எஃப்.எல். அணி நியூயார்க் ஜெட்ஸ் ஜெயிக்கும் என்று மூன்று நாள் முன்னாலேயே வாக்குக் கொடுத்து, என்.எஃப்.எல்.லின் பால்டிமோரை 16-7 என்று ஜெயித்துக் காட்டினார். புது லீக்கைச் சமமாக மதிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். 1972 சீசனில் மயாமி 17 ஆட்டத்தில் 17-ஐயும் ஜெயித்தது. எழுபதுகளில் பிட்ஸ்பர்க் நான்கு பட்டம், எண்பதுகளில் சான் பிரான்சிஸ்கோ நான்கு. எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப்படுவது 1988. கறுப்பினத்தவருக்கு, பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் வேலை சரிப்படாது என்று வெளிப்படையாகவே பேசிக்கொண்டிருந்த காலம். வாஷிங்டனின் டக் வில்லியம்ஸ் இரண்டாவது கால் பகுதியில் மட்டும் நான்கு டச்டவுன் வீசினார். 42-10 என்று வாஷிங்டன் ஜெயித்தது. பேசியவர்கள் வாய் அடைத்துப்போனது.

இனி எங்கள் கதை. 1991 ஜனவரி 27, டாம்பாவில் எங்கள் முதல் சூப்பர் பௌல். நீ கைக்குழந்தை. வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்தது. நியூயார்க் ஜயன்ட்ஸ் 20, பில்ஸ் 19, மிச்சம் எட்டு விநாடி. எங்கள் ஸ்காட் நார்வுட் 47 யார்டிலிருந்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஜெயிப்போம். புல்தரையில் அவருக்கு அது கைவந்த தூரம் அல்ல. பந்து உயரமாகத்தான் போனது, தூரமும் போதும். வலது கம்பத்துக்கு வெளியே போய்விட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. நம் கூடத்தில் யாரும் பேசவில்லை, நீ மட்டும்தான் பாலுக்கு அழுதாய்.

மறுநாள் நயாகரா சதுக்கத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம். திட்டப் போகிறார்கள் என்று பயந்தேன். "ஸ்காட் வரணும், ஸ்காட் வரணும்" என்று கத்தினார்கள். அந்த மனுஷர் மைக் முன்னால் வந்து, பேச்சு வராமல் திணறி நின்றார். கைதட்டல் ஓயவே இல்லை. நானும் அப்பாவும் இந்த ஊரிலேயே இருந்துவிடலாம் என்று பேச ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த மூன்று வருஷமும் போனோம், மூன்றிலும் தோற்றோம். தொடர்ந்து நான்கு முறை போன அணி வேறு கிடையாது. 1993-இல் டாலஸ் 52-17 என்று துவைத்தது. அந்த ஆட்டத்தில் ஒரு காட்சியை நீ தேடிப் பார்க்க வேண்டும். டாலஸின் லியான் லெட், கீழே விழுந்த பந்தை எடுத்துக்கொண்டு டச்டவுன் கோட்டை நோக்கி ஓடுகிறார். ஜெயித்த மிதப்பில் கடைசி சில அடியில் கையை நீட்டிப் பந்தைக் காட்டுகிறார். எங்கள் டான் பீபி பின்னாலேயே ஓடிவந்து கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டார். 35 பாயின்ட் பின்தங்கிய ஆட்டத்தில் யார் ஓடுவார்கள்? அவர் ஓடினார். அடுத்த வருஷம் அரையிறுதியில், பேர்பெற்ற குவார்ட்டர்பேக் ஜோ மாண்டேனா இருந்த உங்கள் சீஃப்ஸை 30-13 என்று வென்றோம். அடுத்த வாரம் டாலஸிடம் அதே 30-13-க்குத் தோற்றோம். விதிக்குக்கூட எங்களிடம் ஒரு கிண்டல்.

2020-களில் எங்களை அதிகம் தடுத்தது உங்கள் ஊர்தான். 2022-இல் பதின்மூன்று விநாடி மிச்சமிருக்கும்போது நாங்கள்தான் முன்னிலை. அதிலும் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் எங்களுக்குப் பந்தே கிடைக்காமல் முடித்தீர்கள். லீக்கே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. 2024-இல் எங்கள் டைலர் பாஸ் உதைத்த பந்தும் வலப்பக்கமாகவே வெளியே போனது. இணையத்தில் சிலர் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். இங்கே ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அவர் ஆதரிக்கிற பூனைக் காப்பகத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் அனுப்பினார்கள். நானும் அனுப்பினேன். பூனை என்றால் எனக்கு ஆகாது, உனக்கே தெரியும்.

2025-இலும் 32-29 என்று எங்களைத் தாண்டிப் போனீர்கள். இரண்டு வாரம் கழித்து நியூ ஆர்லியன்ஸில் ஃபிலடெல்பியா உங்களை 40-22 என்று சாத்தியது. அன்று ராத்திரி அப்பா கேசரி கிளறினார். ஞாயிற்றுக்கிழமை என்பதால்தான் கிளறினேன் என்று உன்னிடம் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா