யூகி என்றால் என்ன?

யோகோஹாமா

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தாத்தாவாகிவிட்டாய்! ஹாஸ்டல் சுவர் ஏறிக் குதித்து இரண்டாவது ஆட்டம் பார்த்தவனை ஒரு குழந்தை தாத்தா என்று கூப்பிடப் போகிறதா என்று வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பாப்பாவுக்கு 'யூகி' என்று பெயர் வைக்கப் போவதாகவும், ஜப்பானில் அதற்குப் பனி என்று பொருளாமே, விசாரித்துச் சொல் என்றும் எழுதியிருந்தாய். ஒரு வரியில் பதில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

முதலில் ஒன்று. பனி என்பது 'யுகி', குறில். 'யூகி' என்று நெடிலாக்கினால் அது வேறு பெயர். இங்கிலீஷில் எழுதும்போது இந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது. உன் மகள் போனில் பார்த்தது அப்படித்தான் இருக்கும். சரி, குறிலாகவே வைத்தாலும் விஷயம் முடியவில்லை. இங்கே பெயர் எழுதும் 'கான்ஜி' எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு, ஒரே எழுத்தைப் பல விதமாகப் படிக்கவும் செய்வார்கள். பனி என்ற எழுத்துக்கும் யுகிதான் ஓசை, நற்பேறு என்ற எழுத்துக்கும் யுகிதான். நெடில் யூகியில் துணிவு உண்டு. 'கனிவு', 'நம்பிக்கை' என்று இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதுகிறவர்களும் உண்டு. ஆக, யுகிக்கு என்ன பொருள் என்று இங்கே யாரிடம் கேட்டாலும், "எந்த எழுத்து?" என்று திருப்பிக் கேட்பார்கள். காதுக்கு ஒரு பெயர், கண்ணுக்கு ஒரு பெயர். பொருள் இருப்பது கண்ணுக்கான பெயரில்.

எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பையனிடம் பெயருக்குப் பொருள் கேட்டேன். அவன் வாயால் சொல்லவில்லை. இடது உள்ளங்கையை விரித்து, வலது ஆள்காட்டி விரலால் அதில் எழுதிக் காட்டினான். பக்கத்தில் இருந்தவர்கள் "ஓ, அதுவா!" என்றார்கள். எனக்கு அவன் கைரேகைதான் தெரிந்தது.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பாட்டி இருக்கிறார், பெயர் கசுகோ. 'கோ' என்றால் குழந்தை, முன்னால் இருக்கும் எழுத்து இணக்கம். நல்ல பெயராயிற்றே என்றேன். "எங்கள் வகுப்பில் நான்கு கசுகோ" என்று உதட்டைப் பிதுக்கினார். 1926 டிசம்பரில் புதுப் பேரரசர் வந்ததும் ஷோவா என்ற ஆண்டுக்கணக்கு தொடங்கியதல்லவா, அந்த 'வா'வுக்கான எழுத்தைத்தான் பெண் பிள்ளைகளுக்குக் கசு என்று படித்து வைத்துத் தள்ளியிருக்கிறார்கள். ஷோவா இரண்டாம் ஆண்டில் பிறந்த பையன்கள் பலருக்கு 'ஷோஜி'. ஷோவாவின் 'ஷோ', கூடவே இரண்டு. பிறந்த வருடத்தையே பெயராக்கிவிட்டார்கள்!

எண் வைப்பது இங்கே சகஜம். இச்சிரோ என்றால் மூத்த மகன், ஜிரோ இரண்டாமவன். ஆனால் பேஸ்பால் வீரர் இச்சிரோ வீட்டில் இரண்டாவது பையன். அவர் பெயரின் கடைசி எழுத்தும் வழக்கமான 'ரோ' இல்லை, தெளிவு என்று பொருள்படும் வேறு ஒரு 'ரோ'. கடற்படைத் தளபதி யமமோட்டோ 1884இல் பிறந்தபோது அவர் அப்பாவுக்கு 56 வயது. அதனால் அவர் பெயர் இசோரோகு, அதாவது ஐம்பத்தாறு. அந்தக் காலத்தில் 'தோமே' என்று பெண்களுக்கு வைத்திருக்கிறார்கள். நிறுத்து என்று அர்த்தம், இதோடு போதும் என்று. நம் பக்கத்துப் போதும்பொண்ணுகள் ஞாபகம் வந்தார்கள். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன மாதம் பாட்டிக்குக் கொள்ளுப்பேரன் பிறந்தான். ஏழாம் நாள் பெயர் சூட்டினார்கள். வெள்ளைத்தாளில் தூரிகையால் பெரிதாக இரண்டு எழுத்து எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்: கதிரொளி, சிறகு விரித்துப் பறத்தல். ஹருதோ என்று படிக்க வேண்டுமாம். ஹினாதோ என்றும் படிக்கலாமாம். பாட்டியே முதலில் தப்பாகத்தான் படித்தாராம். எழுத்தில் எத்தனை கோடு என்று எண்ணி, ராசி பார்த்துத் தேர்ந்தெடுத்ததாக மருமகள் சொன்னாள். நம் ஊர் நியூமராலஜிக்காரர் இங்கே வந்தாலும் பிழைத்துக்கொள்வார்.

பெயருக்கு எல்லா எழுத்தும் கிடையாது. அரசு அனுமதிப்பது ஏறத்தாழ மூவாயிரம். 1993இல் டோக்கியோ பக்கம் ஒரு தகப்பன் மகனுக்கு 'அகுமா', அதாவது பிசாசு என்று பதியப் போனார். எழுத்துகள் இரண்டும் பட்டியலில் இருந்தும் நகராட்சி மறுத்துவிட்டது; நீதிமன்றம் வரை போயிற்று. 2004இல் பட்டியலை விரிக்கும்போது பிணம், புற்றுநோய், மலம் எல்லாம் வரைவில் இருக்க, ஜனங்கள் கொதித்ததும் எடுத்துவிட்டார்கள். எந்தப் பிள்ளைக்கு எவன் வைக்கப் போகிறான் என்று நினைத்தார்களோ!

இதையெல்லாம்விட எனக்கு ஆச்சரியம் வேறு. குடும்பப் பதிவேட்டில் எழுத்து மட்டும்தான் இருந்தது. அதை எப்படி உச்சரிப்பது என்பதற்கு இடமே இல்லை. எழுத்து ஒன்று, ஓசை வேறு என்று கார்ட்டூன் பாத்திரமான பிக்காச்சு வரைக்கும் போய்விட்டதாகப் பேச்சு எழுந்த பிறகு, 2025 மே 26இலிருந்துதான் ஓசையையும் பதிகிறார்கள். உங்கள் பெயர் இப்படித்தானே என்று கேட்டு வீட்டுக்கு வீடு தபால் வந்தது. பாட்டி கண்ணாடியைத் தேடி எடுத்து, தன் பெயரை உரக்கப் படித்துப் பார்த்து, "சரிதான்" என்று தலையாட்டினார். எத்தனையோ வருடம் கழித்து!

உன் பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். பனிதான் வேண்டும் என்றால் குறில் போட்டு 'யுகி' என்று பதியுங்கள். நெடில் போட்டால் தமிழில் 'ஊகித்துப் பார்' என்று ஆகிவிடும். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள். அப்புறம், ஐப்பசி அடைமழையில் பிறந்தவளுக்கு எதற்குப் பனி என்று உன் மனைவி கேட்டதாக எழுதியிருந்தாயே, எனக்கு அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. மகளிடம் என் பெயரைச் சொல்லாதே.

தை கடைசியில் வருகிறேன். படம் அனுப்பு.

உன்,
பழைய ரூம்மேட்