ஈசூன் வீடும் பேத்தியின் பாடமும்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பள்ளிக்கு அழாமல் போகிறான் என்றால் பாதி நிம்மதி. எனக்கு முட்டிவலிதான், மற்றபடி குறையில்லை.

இங்கே சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் இருக்கும் என் வீட்டை விற்றுவிட்டு மகள் வீட்டுப் பக்கம் போகிறேன் என்று எழுதியிருந்தேனே, அது இழுத்துக்கொண்டே போகிறது. எங்கள் புளோக்கில், அதாவது இந்த அடுக்குமாடிக் கட்டடத்தில், சீனருக்கான அளவு நிரம்பிவிட்டதாம். நீ கல்யாணமாகி ஈப்போ போன பிறகு, 1989இல் வந்த விதி இது. ஓர் இனத்தார் ஒரே இடத்தில் குவியக் கூடாது என்று அரசாங்கம் கட்டிய வீவக வீடுகளுக்கு வரம்பு வைத்தார்கள். இப்போது ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் 15. அதற்கு மேல் கூடாது. அளவு நிரம்பிய புளோக்கில் சீனர் சீனருக்கு விற்கலாம், நான் சீனருக்கு விற்க முடியாது. நாட்டில் முக்கால்வாசிப் பேர் அவர்கள். மிச்சக் கால்வாசியில்தான் எனக்கு ஆள் தேட வேண்டும். "ஆன்ட்டி, விலையைக் கொஞ்சம் இறக்குங்க" என்கிறாள் ஏஜெண்டு.

பேத்தி பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கிறாள். அவளிடம் புலம்பினேன். "இதில் யாரும் உங்களை வெறுக்கலை பாட்டி, ஆனா நட்டம் மட்டும் உங்களுக்கு. இதைத்தான் எங்களுக்கு ஒரு பாடமா வச்சிருக்காங்க" என்றாள். எனக்கு அது சரியென்றே பட்டது. விதியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 1964 கலவரத்தில் ஊரடங்கு போட்டு நாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தது மறக்குமா? ஆனால் ஒற்றுமையின் பலன் எல்லோருக்கும், செலவு சிறுபான்மைக்கு என்றால் கணக்கு உதைக்கிறது. ரொம்பத் திணறுகிறவர்களின் வீட்டை அரசாங்கமே வாங்கிக்கொள்ள 2022இல் ஒரு வழி செய்தார்கள். அதுவரை முப்பது வருஷம் விற்றவர்கள் பாடு?

அப்புறம், இங்கே பேராசிரியராக இருந்த சையத் ஹுசேன் அலத்தாஸ் 1977இல் எழுதியதையும் சொன்னாள். மலாய்க்காரர் சோம்பேறி என்ற பேச்சு வெள்ளைக்காரன் கட்டியதாம். அவன் தோட்டத்தில் கூலி வேலைக்கு மலாய்க்காரர் வரவில்லை, அதனால் சோம்பேறி! அந்த வேலைக்குத்தானே நம் தாத்தாக்களைக் கப்பலேற்றினார்கள். நம் வீட்டுப் பெரியவர்களும் அதே பேச்சைத்தானே பேசினார்கள், நீயும் கேட்டிருக்கிறாய்.

விட்டாளா அவள்? "ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில், நம்ம தேக்காவில், ஊரிலிருந்து வேலைக்கு வந்த தொழிலாளிகள் கூடினால் நீங்க ஏன் பையை இறுக்கிப் பிடிக்கிறீங்க? அவங்களும் தமிழர்தானே?" என்று கேட்டாள். "கூட்டம்னா பிடிக்கத்தான் வேணும்" என்றேன். அவள் நம்பவில்லை.

தீபாவளிக்கு வா. அவளோடு நீயே வாதாடிப் பார்.

அன்புடன்,
சரோஜா