நினைவு மலர் இருக்கட்டும், ஆறேகால் பஸ்ஸை விடுங்கள்

மதிப்பிற்குரிய கல்வி வாரியத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். ஜாஸ் டிரம்பெட் மேதை மேனார்ட் ஃபெர்குசன் தன் குழுவோடு நம் பள்ளியின் கூடைப்பந்து அரங்கில் வாசித்த இரவைப் பற்றி, அன்று நேரில் கேட்டவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும், நினைவு மலர் அச்சுக்குப் போகிறது என்று கடிதம் அனுப்பியிருந்தீர்கள். மகிழ்ச்சி. அதே வாரத்தில், அதே முத்திரை பதித்த உறையில் இன்னொரு கடிதமும் வந்தது. காலை 6.15 பள்ளி பஸ் இனி ஓடாது என்றது அது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்த பிறகுதான் எனக்கு எழுதவே தோன்றியது.

இதன் ஆங்கிலப் பிரதி உங்களுக்குத் தனியாக வந்து சேரும். முதலில் தமிழில் எழுதியதற்குக் காரணம், கோபத்தில் இருக்கும்போது எனக்குத் தாய்மொழியில்தான் மரியாதை தவறாமல் பேச வரும்.

கேட்டபடியே நினைவை முதலில் சொல்லிவிடுகிறேன். 1978 குளிர்காலம். ஒஹாயோ மாநிலத்தையே முடக்கிப்போட்ட அந்த ஜனவரிப் பனிப்புயல் கடந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நான் இந்த ஊருக்கு வந்து அது இரண்டாவது குளிர்காலம். தொழிற்சாலையில் உடன் வேலை பார்த்தவர் ஒரு டிக்கெட்டைக் கையில் திணித்து, "பெரிய ஆள், வந்து கேள்" என்றார். ராக்கி படத்தின் பாட்டை ஃபெர்குசன் தன் குழுவோடு வாசித்து, அது அதற்கு முந்தைய ஆண்டில்தான் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதல் நாற்பதுக்குள் வந்திருந்தது. அது எதுவும் எனக்குத் தெரியாது. கல்யாண வீட்டு நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவன் நான். மூச்சால் வாசிக்கிற வாத்தியத்தைப் பற்றி எனக்கு யார் என்ன சொல்லித் தர முடியும் என்ற மிதப்போடுதான் மரப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன்.

ஏழரைக்குத் தொடங்க வேண்டிய கச்சேரி. ஒன்பதாகியும் மேடையில் காலி நாற்காலிகள்தான் இருந்தன. இசைக்குழுவின் பஸ் வழியில் பனியில் மாட்டிக்கொண்டிருந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை. ஒன்பதே காலுக்குப் பின்கதவு திறந்து, கோட்டில் ஒட்டிய பனியைக்கூடத் தட்டாமல் வாத்தியப் பெட்டிகளோடு இளைஞர்கள் ஓடி வந்தார்கள். கடைசியாக அவர் வந்தார். குட்டையான, மார்பு அகன்ற மனிதர். மற்ற டிரம்பெட்காரர்கள் உச்சம் என்று நினைத்து இறங்கிவிடுகிற இடத்தில் அவர் ஏறத் தொடங்கினார். ஏறிய இடத்தில் கீச்சிடவில்லை. அவ்வளவு உயரத்திலும் அந்த ஒலி தடிமனாக, உருக்கிய செம்பு மாதிரி இருந்தது. அரங்கின் கோடியில் தொங்கிய தகர விளக்கு மூடி அதிர்ந்தது. என் மிதப்பு அத்தோடு போயிற்று. 'மக்ஆர்தர் பார்க்' என்ற பாட்டு முடிந்தபோது பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்மணியின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தேன். அவரும் குலுக்கினார்.

நினைவு இவ்வளவுதான். இனி பஸ்ஸுக்கு வருகிறேன்.

நம் பள்ளிப் பிள்ளைகளின் ஜாஸ் குழு ஏன் ஜீரோ பீரியடில், பள்ளி தொடங்கும் முன் பயிற்சி செய்கிறது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பகல் பாட வேளையில் அதற்கு இடமில்லை என்று தீர்மானித்ததே வாரியம்தான். சரி, விடிவதற்கு முன் வாருங்கள் என்றீர்கள், பிள்ளைகள் வந்தார்கள். இப்போது அவர்களை ஏற்றி வந்த ஒரே பஸ்ஸையும் நிறுத்திவிட்டு, "ஜாஸ் குழு ரத்து செய்யப்படவில்லை, தொடர்ந்து இயங்கும்" என்று அறிவிப்பில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். கிணற்றை மூடவில்லை, கயிற்றை மட்டும்தான் அறுத்தோம் என்கிறீர்கள்.

என் பேத்தி அந்தக் குழுவில் மூன்றாம் டிரம்பெட். அவளை நான் காரில் கொண்டுவிடுகிறேன், எங்களுக்குக் குறையில்லை. நான் எழுதுவது பாரிடோன் சாக்ஸ் என்கிற பெரிய சாக்ஸபோனை வாசிக்கிற பையனுக்காக. பெயர் சொல்லப்போவதில்லை. அவனுடைய அம்மாவுக்கு இரவு வேலை, ஏழு மணிக்குத்தான் முடியும். வீட்டில் வேறு வண்டி கிடையாது. பள்ளி வாத்தியத்தை வீட்டில் சாதகம் செய்யக் கொண்டுபோகும் நாட்களில், மறுநாள் காலை ஐந்தரைக்கே இருட்டில் கிளம்புகிறான். பெட்டி அவன் மார்பு உயரம் இருக்கும். அதன் சக்கரம் எப்போதோ உடைந்துவிட்டது. ஒரு கயிறு கட்டி, பனியின் மேல் சறுக்கு வண்டிபோல இழுத்துக்கொண்டு இரண்டு மைல் நடக்கிறான். இரண்டு வாரங்களுக்கு முன் நான் காரை நிறுத்தியபோது, அவன் விரல்கள் பெட்டியின் கொக்கியைத் திறக்கிற நிலையில் இல்லை. பித்தளை வாத்தியம் குளிரில் எப்படி விறைக்கும், சுருதி எப்படி இறங்கும் என்று பயிற்றுநரைக் கேளுங்கள். வாத்தியத்தைச் சூடேற்றிவிடலாம். பையன் வந்து உட்கார்ந்து அரைமணி நேரம் விரலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான், அதற்குள் பயிற்சி பாதி முடிந்துவிடுகிறது.

பயிற்றுநரே சில நாள் அவனைத் தன் காரில் ஏற்றி வந்தார். அதற்கு அவருக்கு நீங்கள் அனுப்பிய குறிப்பாணையையும் நான் பார்த்தேன். காப்பீட்டு விதிப்படி ஆசிரியர் மாணவரைச் சொந்த வண்டியில் ஏற்றக்கூடாதாம். விதி சரியாகவே இருக்கலாம். ஆனால் வாரியத்தின் பஸ்ஸும் கூடாது, ஆசிரியரின் காரும் கூடாது என்றால், அந்தப் பையன் எதில் வர வேண்டும் என்பதையும் அதே குறிப்பாணையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

பஸ் நின்ற பிறகு குழுவில் பத்தொன்பது பேர் பதினொருவர் ஆகிவிட்டார்கள். பெரிய ஜாஸ் குழு என்றால் சாக்ஸபோன் ஐந்து, டிராம்போன் நான்கு, டிரம்பெட் நான்கோ ஐந்தோ வேண்டும், தாள வாத்தியங்கள் தனி. பதினொருவரை வைத்து எதை வாசிப்பது? போன கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர், பிள்ளைகளுக்கு ஜாஸில் ஆர்வம் குறைந்து வருவதை எண்ணிக்கையே காட்டுகிறது என்றார். பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார், அவருக்கு நன்றி.

ஃபெர்குசன் ஏன் நம் அரங்குக்கு வந்தார் என்று மலர்க் குழுவில் யாராவது யோசித்தீர்களா? பெரிய ஜாஸ் குழுக்களுக்குச் சோறு போட்ட நடன மண்டபங்கள் எப்போதோ மூடிக்கொண்டன. அதன் பிறகு அந்தக் குழுக்களைக் காப்பாற்றியதில் பள்ளிக்கூடங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. சாக்லேட் விற்றும் டிக்கெட் விற்றும் பணம் சேர்த்து, பெற்றோர்கள்தான் அவர்களை ஊர் ஊராக அழைத்தார்கள். ஃபெர்குசனைத் தன் ஜாஸ் குழுவில் சேர்த்துப் பெரிய ஆளாக்கியவர் ஸ்டான் கென்டன். கென்டன் நடத்திய கோடை முகாமுக்குச் சிறுவனாகப் போன பீட்டர் எர்ஸ்கின் பிற்பாடு இருவர் குழுவிலும் டிரம்ஸ் வாசித்தார். சிறுவர்களிடமிருந்துதான் குழுவுக்கு ஆள் வந்தது. ஃபெர்குசன் மான்ட்ரியலில் பதினைந்து வயதில் பள்ளியை விட்டவர். 1960களின் கடைசியில் குழுவைக் கலைத்துவிட்டு இந்தியாவுக்குப் போய், மதனப்பள்ளிக்கு அருகில் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் ரிஷி வேலிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் நிறைவு விழாவில் சுடர் அணையும்போது தனியாக வாசித்தவர், அதற்குப் பிறகும் பள்ளி அரங்குகளுக்கு வருவதை நிறுத்தவில்லை. ஊரிலிருந்து ஊருக்கு எதில் வந்தார் என்று நினைக்கிறீர்கள்? பஸ்ஸில்தான். அன்றிரவு அது பனியில் மாட்டியபோதுகூட, பஸ்ஸை ரத்து செய்யலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இவ்வளவு பேசுவது, அரங்கில் புதிதாக மாட்டியிருக்கும் மின் ஸ்கோர் பலகையைப் பார்த்துவிட்டு வந்த வயிற்றெரிச்சலாலும் இருக்கலாம். எதிரணியின் புள்ளியை வாகன நிறுத்துமிடத்திலிருந்தே படிக்க முடிகிறது, வாழ்த்துகள். மலருக்கு வழவழப்பான தாள் வாங்கியிருக்கிறீர்கள், வெளியீட்டு விழாவுக்கு விருந்தும் உண்டு என்கிறார்கள். ஃபெர்குசன் 2006 ஆகஸ்டில் இறந்துவிட்டார், அவரால் விழாவுக்கு வந்து எதுவும் கேட்க முடியாது. அந்தப் பையனையாவது மேடையில் உட்கார வைப்பீர்களா? அவன் விழாவுக்கு எப்படி வருவான்?

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. நீங்கள் சம்பளமில்லாமல் இந்தப் பொறுப்பைச் சுமக்கிறீர்கள் என்பதையும், டீசல் விலையையும் ஓட்டுநர் பற்றாக்குறையையும் அறிவேன். எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். 6.15 பஸ்ஸைத் திரும்ப விடுங்கள். ஐந்து நாளும் முடியாதென்றால், முழுக் குழுவும் கூடுகிற செவ்வாய், வியாழன் இரண்டு நாட்களாவது விடுங்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அன்று அரங்கில் இருந்தவர்களில் நாங்கள் பதினான்கு பேர் வருவோம், யாரும் கத்த மாட்டோம்.

மலரில் எனக்கு ஒதுக்கியது ஒரு பக்கம் என்று தெரியும். இது நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் கச்சேரி பற்றிய பத்திகளைத் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள், பஸ் நேரத்தை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
1978இல் மேல் படிக்கட்டில், இடப்பக்கக் கோடியில் உட்கார்ந்திருந்தவன்