இரவுக் கடமையும் லயத்துப் பகலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இரவுக் கடமைக்குப் புதிதாகச் செல்லும் தாதியருக்கான ஆலோசனைக் கட்டுரையைத் தங்கள் ஞாயிறு இதழில் படித்தேன். பகலில் இருட்டான, ஓசையற்ற தனியறையில் ஏழெட்டு மணி நேரம் உறங்க வேண்டும் என்று அதில் கூறியிருப்பது முற்றிலும் சரியே. ஆனால், முதல் நியமனம் பெறும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு அப்படியோர் அறை கிடையாது என்பதை, மலையக வைத்தியசாலைகளில் பல்லாண்டு கடமையாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில் எழுத விரும்புகிறேன்.

உடல் வெளிச்சத்தை வைத்துத்தான் நேரம் பார்க்கிறது. இரவு 7 மணிக்கு நோயாளர் விடுதியைப் பொறுப்பேற்றுக் காலை 7 மணிக்குக் கையளித்துவிட்டு வரும் பெண், பஸ்ஸுக்காக வெயிலில் நிற்கும்போதே அவளுடைய உடலுக்குப் பொழுது விடிந்துவிடுகிறது. கறுப்புக் கண்ணாடி அணியலாம் என்கிறார்கள். (தோட்டத் தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தைத் தாண்டி அந்தக் கோலத்தில் நடந்தால் என்ன பட்டப்பெயர் கிடைக்கும் என்பது ஊருக்குத் தெரியும், குடை போதும்.) வந்து சேரும் இடமோ, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. பக்கத்துக் காம்பராவின் தொலைக்காட்சி, தகரக் கூரையின் வெக்கை, திருவிழாக் காலமென்றால் கோவில் ஒலிபெருக்கி என எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. இவற்றையெல்லாம் விடக் கொடியது, "வீட்டில்தானே இருக்கிறாள்" என்ற எண்ணம். பீலியில் தண்ணீர் பிடிப்பது, துணி துவைப்பது, பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது என்று அத்தனையும், மற்றவர்கள் கொழுந்து பறிக்கப் போயிருக்கும் வேளையில், இரவு முழுவதும் நின்றவளின் தலையில் விழுகின்றன. அதே கடமையிலிருந்து வரும் ஆண்பிள்ளையை யாரும் எழுப்புவதில்லை.

உறக்கம் குறைந்தால் என்னவாகும் என்பது ஆராய்ந்து அறியப்பட்டதே. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயற்றிறன், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என 1997 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. முதல் இரவுக் கடமைக்கு முன் பிற்பகலில் உறங்காமலே போகும் பிள்ளை காலையில் கடமை முடிக்கும்போது ஏறத்தாழ 24 மணி நேரம் விழித்திருக்கிறாள். அந்நிலையில் எங்கள் மலைப்பாதை வளைவுகளில் ஸ்கூட்டர் ஓட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உடல் வெப்பம் மிகக் குறைந்து தூக்கம் கண்ணைக் கட்டும் விடிகாலை 4 மணியளவில் மருந்தின் அளவைக் கணக்கிட நேர்ந்தால், உடனிருப்பவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வதில் எந்த வெட்கமும் இல்லை. அதிகாலையில் குடிக்கும் சாயம் கூடிய பிளேன்டீயையும் விட்டுவிடுவது நல்லது. தேயிலையிலுள்ள கஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடலிலேயே இருக்கும். தேயிலை மலையில் பிறந்தவளே இதைச் சொல்வதற்கு என் உறவினர்கள் பொறுத்தருள்க!

ஆகவே, ஆலோசனைகளோடு இடமும் தரப்பட வேண்டும். தூரத்துத் தோட்டங்களிலிருந்து வருபவர்கள் காலையில் சில மணி நேரம் படுத்தெழுந்து பயணப்படுவதற்கு, தடித்த திரையிட்ட ஓர் அறையையேனும் ஒவ்வொரு வைத்தியசாலை நிர்வாகமும் ஒதுக்க வேண்டும். ஆட்கள் போதுமான இரவுகளில், முறைவைத்து இருபது நிமிடம் கண்ணயர அனுமதிப்பதும் நிர்வாகத்தால் முடியாத காரியமன்று. வீட்டார் செய்ய வேண்டியதற்கோ செலவே இல்லை: கடமை அட்டவணையின் பிரதியொன்றை அடுப்படிச் சுவரில் ஒட்டி, இரவுக் கடமை முடிந்து வரும் நாட்களில் தண்ணீர்க் குடத்தை வேறொருவர் எடுத்தால் போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாதி உத்தியோகத்தர்,
டிக்கோயா.